தள்ளும் கை, தாங்கும் கை

தூத்துக்குடியில் என்னை அழைத்துப்போக வந்தது கார் அல்ல, கயிறு ஏற்றிய லோடு ஆட்டோ.

"காரு ஸ்டார்ட் ஆவல. மாப்பிள்ள வீட்டுக்காரன் இப்படி வாரானேன்னு நெனச்சிராதீங்க சம்பந்தி" என்றபடி பொன்ராஜ் என் பெட்டியைத் தூக்கி நீல நைலான் கயிற்றுச் சுருள்களின் மேல் வைத்தார். அது நழுவாமல் இருக்க அந்தக் கயிற்றாலேயே நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை. என் மகள் தர்ஷினியும் அவர் மகன் சுயம்புவும் எங்கள் ஊரான பினாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெரியவர்கள் பேசி முடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் வந்திருந்தேன். என் மனைவி மருத்துவமனையில் தாதி. அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இன்னும் எதுவும் பேசவே இல்லை, ஆனால் பொன்ராஜ் எடுத்த எடுப்பிலேயே சம்பந்தி என்று அழைத்துவிட்டார்.

வழியெல்லாம் உப்பளம். வெள்ளைக் குவியல்களின் மேல் ஓலை போட்டு மூடியிருந்தார்கள். தை மாதம் என்றாலும் வெயிலுக்குக் குறைவில்லை. எங்கள் ஊர் வெயில் ஈரத் துணிபோல உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இங்கே காற்று அதை உப்போடு சேர்த்து முகத்தில் தேய்த்துவிட்டுப் போகிறது. பொன்ராஜ் ஓட்டிக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே ஹாரன் அடித்தார். துறைமுகச் சாலையில் அவருக்குக் கடை. படகுகளுக்கு வேண்டிய கயிறு, வலை, மிதவை எல்லாம் விற்கிறார். பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து அவருடைய அப்பா பிழைக்க வந்து போட்ட கடை அது.

வீட்டில் அவர் மனைவி சந்திரகனி சீலா மீன் குழம்பு வைத்திருந்தார். பினாங்கு மீன் கறியில் வெண்டைக்காயும் தக்காளியும் மிதக்கும். இங்கே தேங்காயை மையாக அரைத்துவிட்டிருந்தார்கள். குழம்பு கரண்டியை விட்டு இறங்க யோசித்தது. இரண்டாவது முறை சோறு வாங்கும்போது பொன்ராஜ் ஆரம்பித்தார்.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசம் அங்கன இருக்கட்டும். அப்புறம் பயலும் மருமவளும் இங்கன வந்திருவாங்க. கடைய வேற யாரு பாக்குதது?"

பிள்ளைகளுக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை என்பது எனக்குத் தெரியும். பினாங்கில் வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குழம்பைப் பிசைந்தபடி, "பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் மரியாதையான மறுப்பு. பொன்ராஜ் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள் என்பது மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு. முதுகுவலிக்காகத் தை சீ என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்கத் தொடங்கி, வலி போன பிறகும் விடாமல் பயில்பவன் நான். ஞாயிறு காலைகளில் பூங்காவில் எனக்கு ஜோடி லிம் என்கிற கார் மெக்கானிக். இருவரும் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்துக்கொள்வோம். ஒருவர் தள்ளுவார். மற்றவர் தடுக்கக்கூடாது. அந்தத் தள்ளலை வாங்கி, இடுப்பைத் திருப்பி, அதன் போக்கிலேயே அனுப்பிவிட வேண்டும். தள்ளியவர் தன் பலத்தாலேயே நிலை குலைவார். கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தழுவிக்கிடக்கும் அந்தச் சீன வட்டப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கடினத்தை மென்மையால் வாங்குவது என்று அதற்கு நான் பொருள் வைத்திருந்தேன். அலுவலகத்திலும் வீட்டிலும் அப்படித்தான் வாழ்ந்துவந்ததாகவும் ஒரு நினைப்பு.

மறுநாள் விடிந்ததும் பொன்ராஜ் நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்து என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். மணல் முழுக்கச் சிலம்பம் பழகும் பிள்ளைகள். ஒரே நிறத்தில் பனியன் போட்ட பெண் பிள்ளைகள் கம்பு சுழற்றுவதைத் தாய்மார்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்ராஜுக்கு அறுபது இருக்கும். தன் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேரோடு தனியாக ஒதுங்கிக் கம்பு எடுத்தார். பேசும்போது எப்படியோ அப்படித்தான் கம்பிலும். முன்னேறிக்கொண்டே இருந்தார். அவர் கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தத்துக்கு எதிரில் நின்றவர் கால் தானாகப் பின்னால் போனது.

வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்து, நான் சொல்லியிருந்த சீனாக்காரன் வித்தையைக் காட்டச் சொன்னார். மணிக்கட்டை ஒட்டவைத்துக்கொண்டு நின்றோம்.

"இது சண்டையா, ஆசீர்வாதமா?" என்று கேட்டார். நண்பர்கள் சிரித்தார்கள்.

தள்ளச் சொன்னேன். தள்ளினார். நான் திரும்பினேன். அவர் என்னைத் தாண்டி இரண்டு எட்டு ஓடி மணலில் கையை ஊன்றி எழுந்தார். மறுபடி வந்தார், மறுபடி போனார். மூன்றாவது முறை முழங்கால் மடங்கி உட்கார்ந்தே விட்டார். அவரும் சிரித்தார், ஆனால் எழுந்து வரும்போது கண்ணில் சிரிப்பு இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. லிம்மிடம் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலை பொரித்த பரோட்டா. எண்ணெயில் முக்கி எடுத்த பரோட்டாவை இலையில் நொறுக்கிப்போட்டு, மேலே சால்னாவைக் கொட்டுகிறார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதன் அருகில் நோயாளிக்கான உணவு. கை கழுவியதும் பொன்ராஜ் என்னைக் கடைக்கு மேலே கூட்டிப்போனார். மாடியில் புதிதாக இரண்டு அறைகள், குளியலறை, கடல் தெரிகிற மாதிரி ஒரு பால்கனி. பூச்சு வேலை முடிந்திருந்தது. கல்யாணம் ஆனவர்கள் வந்தால் இருப்பதற்காக என்றார். கொத்தனார் இரண்டு டைல்ஸ் மாதிரிகளைத் தரையில் வைத்துக் காத்திருந்தார். ஒன்று பழுப்பு, ஒன்று வெளிர் பச்சை.

"மருமவளுக்கு எது பிடிக்கும்னு நீங்கதான் சொல்லணும் சம்பந்தி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு ஆவல். கொத்தனார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். நான் பச்சையைக் காட்டினேன்.

லாட்ஜுக்குத் திரும்பி முகம் கழுவுவதற்குள் தர்ஷினியின் அழைப்பு வந்துவிட்டது. பொன்ராஜ் டைல்ஸைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பியிருக்கிறார். மாமனார் தேர்ந்தெடுத்தது என்று கீழே எழுதியும் இருக்கிறார். அவள் கத்தவில்லை. "அப்பா, நீங்க எங்களுக்காகப் பேசப் போனீங்களா, வீடு கட்டப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சுயம்பு ஏன் தன் அப்பாவிடம் நேராகச் சொல்லவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன். பயம் என்றாள். நான் சொல்லாமல் விட்டதற்கும் அதுதான் காரணம்.

அடுத்த நாள் கொற்கைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் போவது என்று பொன்ராஜ் ஏற்பாடு செய்திருந்தார். கார் இன்னும் கிளம்பவில்லை. நாங்கள் மூவரும் பேருந்தில் போனோம். ஆத்தூரைத் தாண்டியதும் பேருந்தும் கிளம்பமாட்டேன் என்று நின்றுவிட்டது. இருபக்கமும் வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் ஊரில் பேருந்து நின்றால் ஆட்கள் போனை எடுத்துக்கொண்டு தலையைக் குனிவார்கள். இங்கே ஆண்கள் அத்தனை பேரும் இறங்கிப்போய் என்ஜினைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓட்டுநருக்கு ஆளுக்கொரு யோசனை. அவர்களில் சத்தமான குரல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

நானும் சந்திரகனியும் ஒரு தென்னை நிழலில் நின்றோம். அவர் பையிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து, நாரை உரித்து என்னிடம் தந்தார். அதுவரை அவர் என்னிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. பேருந்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பய வரமாட்டான்னு எனக்குத் தெரியும் அண்ணே. அவுகளுக்கும் தெரியும். ஆனா யாராவது வாய விட்டுச் சொல்லுத வரைக்கும் அவுக கட்டிக்கிட்டேதான் இருப்பாக."

நீங்களே சொல்லியிருக்கலாமே என்றேன். தான் சொன்னால் அது மகனுக்குப் பரிந்து பேசுவதாகிவிடும் என்றார். மகன் சொன்னால் அப்பாவை எதிர்த்ததாகிவிடும். வெளியாள் நான் ஒருவன்தான், அதற்காகவே நான் எப்போது வருவேன் என்று காத்திருந்தாராம். பிறகு இன்னொரு கிழங்கை உரிக்க ஆரம்பித்தார். என் கையில் முதல் கிழங்கே பாதி மீதி இருந்தது.

பேருந்து ஒருவழியாக உயிர் பெற்றது. ஏரலில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கொற்கைக்குப் போனோம். முத்துக்குப் பேர்போன துறைமுகத்தைப் பார்க்கப்போகிறோம் என்று நான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். நெல் வயலும் வாழையும்தான் இருந்தன. கடல் பல மைல் தள்ளிப் போய்விட்டிருந்தது. வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற விவசாயி ஒருவர், கிணறு தோண்டினால் இன்னும் சிப்பி வரும் என்றார். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியதாம். பொன்ராஜ் அதையும் விடவில்லை. கடல் போனால் போகட்டும், ஊர் நகர்ந்ததா, ஊர் இங்கேதானே இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் விவசாயியிடம் நெல் விலை கேட்கப் போய்விட்டார்.

ஆழ்வார்திருநகரிக் கோவில் பிரகாரத்தில் அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் மெதுவாக வந்தேன். சந்திரகனி இருவருக்கும் நடுவில், யாரோடு நடப்பது என்று தெரியாமல் நடந்தார். இரவிலும் இலை மூடாது என்று சொல்லப்படும் அந்தக் கோவில் புளியமரத்தடியில் பொன்ராஜ் நெடுநேரம் கண்மூடி நின்றார்.

மறுநாள் காலை மறுபடி கடற்கரை. கடல் குளம் மாதிரி கிடந்தது. பொன்ராஜ் கம்பை மணலில் போட்டுவிட்டு நேராக என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினார். மணிக்கட்டுகள் ஒட்டின.

"இன்னைக்கு நான் தள்ளமாட்டேன்" என்றார்.

அவர் தள்ளவில்லை. நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பயிலும் பிள்ளைகளின் கம்புகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. வாங்குவதற்கு எதுவும் வராதபோது என் கையில் எதுவுமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது. லிம் என்னிடம் பலமுறை குறைப்பட்டுக்கொண்ட விஷயம் அது. பந்துக்குள் காற்று இருந்தால்தான் அது அமுங்கும், உருளும், எழும்பும். காற்றில்லாத பந்தும் மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து யாரும் விளையாட முடியாது. விட்டுக்கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு என்பான். நான் தலையாட்டியிருக்கிறேன்.

"நான் தள்ளினாத்தான் உங்களுக்கு வேலை" என்றார் பொன்ராஜ். "சும்மா நின்னா, நீங்க எங்கன நிக்கியன்னே தெரியலயே சம்பந்தி."

அவர் கையை விடாமலே சொன்னேன். "அண்ணாச்சி, பிள்ளைங்க இங்க குடியிருக்க வரமாட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சும் வரமாட்டாங்க. சுயம்பு சொல்லப் பயப்படுறான். நானும் பயந்துட்டேன். டைல்ஸ் எடுத்துக் கொடுத்தது என் தப்பு."

அவர் மணிக்கட்டு என் மணிக்கட்டின் மேல் கனமாக அழுந்தியது. தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். தள்ளினால் திரும்பக்கூடாது, வாங்கிக்கொண்டு நிற்கவேண்டும் என்று காலை மணலில் அழுத்திக்கொண்டேன். அவர் கையை எடுத்துவிட்டார். கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய், யாரும் எதிரில் இல்லாமல் வெகுநேரம் சுற்றினார். திரும்பி வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"லாட்ஜுக்கு ஆட்டோ பிடிச்சுப் போயிருங்க சார்" என்றார்.

சம்பந்தி போய் சார் வந்துவிட்டது.

லாட்ஜில் இருப்புக் கொள்ளவில்லை. கால் போன போக்கில் நடந்து திரேஸ்புரம் வந்துசேர்ந்தேன். படகுகள் வந்திருந்தன. மீன் கூடைகளைச் சுற்றி ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் வழியில் நிற்பதாக ஓர் அம்மாள் திட்டினார், பிறகு வெளியூர்க்காரன் என்று கண்டு, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். கயிற்றுக்கடை பொன்ராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு என்றேன். மாப்பிள்ளை பார்க்கவா என்று சிரித்தார். கேள்வி காதில் விழாததுபோல நான் கூடைகளுக்கு அப்பால் ஒதுங்கினேன். மனைவிக்குப் போன் செய்தேன். பொன்ராஜிடம் சொல்லிவிட்டேன் என்றேன். முறிந்தால் முறியட்டும், பொய்யின் மேல் கல்யாணம் பண்ண முடியாது என்றாள். பிறகு மெல்ல, சுயம்பு நல்ல பையன், இல்லையா என்றாள். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. என் மகள் அழுவதை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. அதை நானே வரவழைத்துவிட்டேனோ என்று படகுகளைப் பார்த்தபடி நின்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அழைக்கவில்லை. ஒரு பேக்கரியில் மக்ரூன் வாங்கி அறையில் உட்கார்ந்து தின்றேன். முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்த அந்தக் கூம்பு வாயில் வைத்ததும் காணாமல் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு என்று வாங்கிய பொட்டலத்தில் பாதி தீர்ந்த பிறகுதான் நிறுத்தினேன்.

வெயில் தாழ்ந்தபோது கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். லோடு ஆட்டோ. பொன்ராஜ் படியேறி வந்து, அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, மகனோடு பேசியதாகச் சொன்னார். முதலில் கத்தினாராம். பிறகு அவன் அழுதானாம். கல்லூரிக் காலத்திலிருந்தே கடை வேண்டாம் என்று சொல்ல நினைத்தவன் அவன். வாயைத் திறக்கும் முன்பே இவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாராம்.

"என்னைப் பாத்துப் பயப்படுததுக்கு நான் என்ன புலியா?" என்று கேட்டார். அவரே தொடர்ந்தார். "கம்பு பிடிக்கையில ஒரு கால் கனமா இருந்தா மத்தது லேசா இருக்கணும். ரெண்டையும் ஊனிட்டா நகர முடியாது, அடி வாங்கணும். ஊருக்கெல்லாம் சொல்லுதேன். பய விசயத்துல நான் ரெண்டு காலையும் ஊனிட்டேன்."

எங்கள் பயிற்சியிலும் அதே குற்றம் இருக்கிறது, இரட்டைக் கனம் என்பார்கள் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கால் எல்லா ஊரிலும் கால்தானே என்பதுபோலப் பார்த்தார். பிறகு என் பக்கம் விரலை நீட்டினார்.

"நீங்க ரெண்டு காலையும் தூக்கிட்டிய."

இருவருமே சிரித்துவிட்டோம். அந்த வட்டப் படத்தில் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியும் வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளியும் எதற்காக வைத்தார்கள் என்று எனக்கு அந்த லாட்ஜ் அறையில்தான் விளங்கியது. கடினமாக ஒருவர், மென்மையாக ஒருவர் என்று ஆள் பிரித்துக்கொள்வதற்காக அல்ல. இத்தனை சத்தம் போடும் மனிதர், கத்தி ஓய்ந்த பிறகு மகன் சொன்னதை வாயைத் திறக்காமல் வாங்கியிருக்கிறார். எதற்கும் எதிர்ப்புக் காட்டாத நான் ஒரே ஒருமுறை மணலில் காலூன்றி நின்றிருக்கிறேன். அவை இரண்டும் இல்லாமல் இந்தச் சம்பந்தம் நடந்திருக்காது.

மறுநாள் அவர் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். மாடி மாடியாகவே இருக்கட்டும், பிள்ளைகள் வந்துபோகும்போது தங்கட்டும் என்றார். நல்லது என்றேன். அத்தோடு அவர் விட்டுவிடவில்லை. பேரப்பிள்ளை பிறந்தால் மூன்று மாதம் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். என் நாக்கு வழக்கமான சொல்லுக்குத் தயாரானது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, அதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்யவேண்டும், அவர்கள் சார்பில் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார், கோபப்படவில்லை. சமையலறையிலிருந்து சந்திரகனி, பேறுகாலத்துக்குத் தானே பினாங்குக்குப் போகப்போவதாகவும், திரும்பி வரும்வரை பொன்ராஜ் வெளியில் பொரித்த பரோட்டா வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பொன்ராஜ் என்னைப் பார்த்தார். இந்தத் தள்ளலை அவர்தான் வாங்கியாகவேண்டும் என்று நான் கையை விரித்தேன்.

கிளம்பும் நாள் காலையில் கடைசியாக ஒருமுறை கடற்கரைக்குப் போனோம். அவருக்குத் தை சீயின் முதல் அசைவைச் சொல்லிக்கொடுத்தேன். மூச்சு விடும் வேகத்தில் கை எழவேண்டும் என்றேன். அவர் பேருந்துக்குப் போகிற வேகத்தில் செய்து முடித்துவிட்டு, அடுத்தது என்ன சம்பந்தி என்றார். திரும்ப ஒருமுறை, இன்னும் மெதுவாக என்றேன். முகம் சுளித்தாலும் செய்தார்.

பிறகு என் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். ஒரு கை தள்ள, மறு கை இழுக்க, கம்பு தன்னால் சுற்றும் என்று காட்டினார். நான் பிடித்த பிடி தவறு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கம்பு வந்து என் கட்டைவிரல் மேல் இறங்கியது. மெதுவாகத்தான் தட்டினார், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா சம்பந்தி?" என்று பதறிப்போய்க் கம்பைக் கீழே போட்டார்.

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாய் போனது. விரலைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"ரொம்ப வலிக்குது" என்றேன்.